முப்பதாவது கிலோமீட்டரில் ஒரு பூசணி

பிப்ரவரி 4

அண்ணா,

உன் கடிதம் வந்தது. உறையைப் பிரித்ததும் முதல் வார்த்தை "அன்புடையீர்". தபால்காரர் வீடு மாற்றிப் போட்டுவிட்டாரோ என்று முகவரியைத் திரும்பப் பார்த்தேன். என்னுடையதுதான். கீழே கையெழுத்து உன்னுடையது. பக்கத்திலே 'செயலாளர், உள்ளூர் விளைச்சல் சந்தை' என்று முத்திரை. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த தங்கைக்கு முத்திரை குத்திக் கடிதம் போட்ட அண்ணன் நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

"தங்கள் விளைநிலம் சந்தை வாசலிலிருந்து 31.2 கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருப்பதால், தாங்கள் உள்ளூர் விவசாயி என்ற வரையறைக்குள் வரவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

இதைப் பம்பு அருகே நின்று மூன்று தரம் படித்தேன். களை எடுக்க வந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"எங்க அண்ணன்."

"ஐயையோ! எப்படிம்மா?"

"ஒண்ணு புள்ளி ரெண்டு கிலோமீட்டர்ல."

அந்த அம்மாள் அதை ஏதோ விபத்து என்று நினைத்துக்கொண்டு அழுதாள். நானும் தடுக்கவில்லை.

பாலம் இருந்தவரை நான் உன் சந்தைக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். போன வருஷம் வெல்லத்தில் பாலம் போனது. ரோடு இப்போது சுற்றிக்கொண்டு வருகிறது. ஆறு செய்த குற்றத்துக்கு நான் வெளியூர்க்காரி. என் தோட்டத்திலிருந்து ஒரு காக்கை கத்தரிக்காயைக் கவ்விக்கொண்டு நேரே பறந்து வந்தால் அது உள்ளூர்க் கத்தரிக்காய். நான் கொண்டுவந்தால் இல்லை. அப்படித்தானே?

உனக்கு விஷயம் தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன். நிலக்காரர் சொல்லிவிட்டார்: "உங்க பேர்ல சந்தைக் கடைச் சீட்டு ஒண்ணு காட்டுங்க, குத்தகை தொடரட்டும். இல்லேன்னா ஏப்ரல் முப்பதோட லாரி நிறுத்துறவங்களுக்குக் கொடுத்துடறேன்." ஒன்பது வருஷம் நான் பதப்படுத்திய மண்ணில் லாரிகள் எண்ணெய் சொட்டிக்கொண்டு நிற்கும். லாரிக்கு உள்ளூர், வெளியூர் கிடையாது போலிருக்கிறது.

சின்ன வயசில் ஒரு பன் ரொட்டியை இரண்டாக்க ஸ்கேல் எடுத்து வந்தவன் நீ. அப்போதாவது நாம் இரண்டு பேருமே கோட்டுக்கு உள்ளே இருந்தோம்.

இதற்கு முன்பே உனக்கு ஒரு பதில் எழுதிவிட்டேன். தாளில் இல்லை. அது உன் கண்ணில் படாது என்ற தைரியத்தில் எழுதியது.

தங்கை
(வெளியூர்)


பிப்ரவரி 12

தங்கைக்கு,

உன் கடிதத்தில் ஒரு பிழை. போன வருஷம் ஆற்றில் வந்தது 'வெள்ளம்'. 'வெல்லம்' வந்திருந்தால் நீ பாலத்தைப் பற்றி எழுதியிருக்க மாட்டாய். அண்டாவை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பாய். நாலாம் வகுப்பில் 'ள' வரும் சொற்களை உன்னை நூறு தடவை எழுத வைத்தேன். நூறும் வீண்.

விஷயத்துக்கு வருகிறேன். 'அன்புடையீர்' என்பது அச்சடித்த தாள். எல்லோருக்கும் அதுதான் போகிறது. உனக்கு மட்டும் 'அன்புத் தங்கைக்கு' என்று போட்டிருந்தால் குழுவில் என்ன பேசுவார்கள் என்று யோசித்துப் பார். நான் செயலாளர் ஆனதும் முதலில் விண்ணப்பிப்பது என் தங்கை. அவள் நிலம் எல்லைக்கு வெளியே. இதில் நான் கண்ணை மூடிக்கொண்டால் நாளை எவனாவது அடுத்த மாநிலத்து முட்டைக்கோஸுடன் வந்து, "நானும் செயலாளருக்குத் தம்பி முறை" என்பான்.

இந்தச் சந்தைக்கு வருகிறவர்கள் சாதாரண ஜனங்கள் இல்லை. காயைப் பார்ப்பதற்கு முன் ஸ்டிக்கரைப் பார்க்கிறவர்கள். ஒவ்வொரு காயிலும் எத்தனை கிலோமீட்டர் என்று ஸ்டிக்கர் உண்டு. அது என் யோசனை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் வாரம் தவறாமல் வருவார்; பதினெட்டுக்கு மேல் வாங்க மாட்டார். ஒரு தடவை பத்தொன்பது கிலோமீட்டர் வெண்டைக்காயை அவர் கையில் எடுத்து, பெருமூச்சுவிட்டுத் திரும்ப வைத்ததை நானே பார்த்தேன். இப்படிப்பட்டவர்களை ஏமாற்றச் சொல்கிறாயா?

நான்காவது விதியை முழுதாக எழுதுகிறேன்: "சரக்கு வண்டியில் ஏறும் இடத்திலிருந்து சந்தை வாசல் வரை, சாலை வழியாக, முப்பது கிலோமீட்டருக்கு மிகாமல் இருத்தல் வேண்டும்." இதில் ஒவ்வொரு சொல்லும் நான் எழுதியது. நாலு நாள் உட்கார்ந்து எழுதினேன். எந்தக் காக்கையும் நுழைய முடியாது.

உங்கள் பக்கத்துக்கு மொத்த வியாபாரிகள் வருகிறார்களாமே. அவர்களிடம் போடலாமே.

உன் அண்ணி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்


மார்ச் 22

அண்ணா,

நீ சொன்னபடியே செய்தேன். மொத்த வியாபாரியின் லாரி வந்தது. இருந்த பூசணி, கத்தரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது.

"எங்க போகுது?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"பெரிய மார்க்கெட்டுக்கு. எரநூத்தி எம்பது கிலோமீட்டர்."

"அங்கேர்ந்து?"

"அங்கேர்ந்து அது பாடு. தடுக்க நாம யாரு அக்கா?"

முந்தின நாள் வரை பெயர் சொல்லிக் கூப்பிடாத குறையாக வளர்த்த காய்கள், 'அது பாடு' என்று போயின.

இன்னொரு விஷயம். ஒரு பூசணியை மட்டும் கொடுக்க வேண்டாம் என்று இலையைப் போட்டு மூடி வைத்திருந்தேன். ஏற்றுகிறவர்களுக்குத் தண்ணீர் எடுத்து வர உள்ளே போய்த் திரும்புவதற்குள் அதுவும் லாரியில் ஏறிவிட்டது. தோட்டத்திலேயே பெரியது அதுதான். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அது விற்கிற காய் இல்லை. ஏன் என்று கேட்காதே. இருநூற்று எண்பது கிலோமீட்டர் போய்விட்டதே, யார் கண்ணில் பட்டால் என்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒன்பது வருஷத்தில் நீ இந்த நிலத்தில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. அந்த 31.2 உன் ஆபீசில் யாரோ மேஜையில் உட்கார்ந்து போட்டது. நீயே வந்து அளந்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் முப்பத்தொன்று என்றால், நான் வாயை மூடிக்கொள்கிறேன். நான் வாயை மூடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

இன்னும் முப்பத்தொன்பது நாள் இருக்கிறது.

தங்கை


மார்ச் 30

தங்கைக்கு,

அளப்பதற்கென்று குழுவில் ஒரு குமாஸ்தா இருக்கிறார். அவர் அளந்ததைச் செயலாளரே திரும்ப அளந்தால், அதுவும் தன் தங்கைக்காக அளந்தால், அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது? இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

ஏப்ரல் 6 சந்தையின் ஆண்டு நிறைவு. நேரம் கிடைத்தால் வா. பார்வையாளர்களுக்கு எல்லை கிடையாது. தலைமையாசிரியை அம்மாள்தான் தலைமை. மேடையில் ஒரு பூசணியை வைத்து, அவர் கையால் வெட்டி, வந்தவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு. குளிர்பதனக் கிடங்கு வைத்திருப்பவர் நேற்று கொண்டுவந்து இறக்கினார். நம் நாற்பத்து மூன்று மேஜைகளில் முப்பத்தொன்பதுக்குச் சரக்கு தருபவர் அவர்தான். பூசணி என்றால் அப்படி ஒரு பூசணி! இரண்டு பேர் தூக்கினார்கள். சுத்தமான பதினெட்டு கிலோமீட்டர். தாம்பாளத் தட்டு அளவுக்கு ஒரு வட்ட ஸ்டிக்கரை அவரே ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். மற்ற காய்களுக்கெல்லாம் பொட்டு அளவுதான்.

ஊரில் எல்லோரும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காலம் இது. நாங்கள் அதை மேடையில் வைக்கிறோம். இந்த வரியை என் வரவேற்புரையில் சேர்த்திருக்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 7

தங்கச்சி,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன். நான் தாள் கிழிக்கிறவன் இல்லை.

நேற்று வரவேற்புரை நன்றாகத்தான் போனது. பூசணி வரிக்குக் கை தட்டினார்கள். வெட்டுவதற்கு முன் அந்தப் பெரிய ஸ்டிக்கரை உரித்துச் சந்தையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. தலைமையாசிரியை உரித்தார். ஸ்டிக்கர் வர மறுத்தது. நகத்தால் சுரண்டினார். கிடங்குக்காரர் எழுந்து, "அது இருக்கட்டும் மேடம், ஸ்டிக்கரோடவே வெட்டலாம்" என்றார். "பேப்பரை யாராவது சாப்பிடுவாங்களா?" என்று சொல்லி அந்த அம்மாள் ஒரே இழுப்பாக இழுத்தார்.

கீழே எழுத்து இருந்தது. பேனாவால் எழுதியது இல்லை. ஆறிப்போன தழும்பு மாதிரி, விரல் தடிமனில், தோலோடு தோலாக எழும்பி நின்றது. ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம். தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மைக் அவர் வாய்க்கு நேரே இருந்தது. அதை நான்தான் சரியாகப் பொருத்தியிருந்தேன்.

"அண்ணன்... ஒரு... முட்டால்."

கூட்டம் இருநூறு பேர். யார் யாருக்கெல்லாம் தங்கை உண்டோ அவர்களெல்லாம் குனிந்துகொண்டார்கள். தலைமையாசிரியை திரும்ப ஒரு முறை படித்தார். பிறகு மைக்கிலேயே, "ள தப்பு. யாரு எழுதினது?" என்றார்.

இந்த உலகத்தில் அந்த 'ல' யாருடையது என்று தெரிந்தவன் ஒருவன்தான். அவன் மேடையில் பூங்கொத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

"வெயில்ல சில காய்க்கு இப்படி வெடிப்பு விடும் மேடம்" என்றார் கிடங்குக்காரர்.

"வெடிப்பு நாலாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கு போல" என்றார் அந்த அம்மாள்.

கிடங்குக்காரரை மேடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

"இது எங்கேர்ந்து வந்துது?"

"கிடங்குலேர்ந்து சார். பதினெட்டு கிலோமீட்டர். வேணும்னா அளந்துக்குங்க."

"கிடங்குக்கு எங்கேர்ந்து?"

"பெரிய மார்க்கெட்லேர்ந்து."

"பெரிய மார்க்கெட்டுக்கு?"

"அது எப்படி சார் எனக்குத் தெரியும்? நீங்கதான் அதைக் கேக்கவே இல்லையே. வண்டில ஏறுற எடம்னுதானே எழுதியிருக்கீங்க? எங்க வண்டி கிடங்குலதான் ஏத்துது."

விதிப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். 'சரக்கு வண்டியில் ஏறும் இடம்.' விளைந்த இடம் என்று எங்கேயும் இல்லை. நாலு நாள் உட்கார்ந்து, காக்கை நுழையாதபடி எழுதியவன், விளைச்சல் சந்தையின் விதியில் விளைச்சலை விட்டுவிட்டேன். நாற்பத்து மூன்று மேஜைகள். முப்பத்தொன்பது. என்னால் கூட்டிக் கழித்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் பிரிட்ஜைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "அப்போ இத்தனை நாளா நாம யாரு வீட்டுக் கத்தரிக்காயத் தின்னோம்?" என்றாள்.

உன்னைக் கேட்கிறேன். அது உன்னுடையதா? ஆம் என்றால், அந்தப் பூசணி உன் தோட்டத்திலிருந்து கிளம்பி, ஏறக்குறைய ஐந்நூற்று எழுபது கிலோமீட்டர் சுற்றி, என் மேடையில் உள்ளூர்க்காரனாக உட்கார்ந்திருக்கிறது. நீ முப்பத்தொன்றில் வெளியே நிற்கிறாய்.

உடனே எழுது.

அண்ணன்


ஏப்ரல் 12

அண்ணா,

என்னுடையதுதான்.

உன் கடிதத்தைப் பம்பு செட் படியில் உட்கார்ந்து படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. களை எடுக்கும் அம்மாள் ஓடி வந்து, "அண்ணன் பொழைச்சுட்டாரா?" என்றாள். அப்புறம்தான் மேடை, மைக், இருநூறு பேர் எல்லாம் மனசில் ஏறியது. படியிலேயே உட்கார்ந்து முதலிலிருந்து திரும்பப் படித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். உன் முத்திரைக் கடிதம் வந்த அன்று நேரே கொடிப் பக்கம் போனேன். முதலில் கையில் பட்டது ஒரு பிஞ்சு. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. கொண்டை ஊசியை உருவி எழுதினேன். எழுத்து எறும்பு வரிசை மாதிரிதான் இருந்தது. படிக்கவே கண்ணைச் சுருக்க வேண்டும். இரண்டு நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும் என்று நினைத்தேன். உதிரவில்லை. மற்றவற்றையெல்லாம் பூச்சி அரித்தது, இதை ஒரு பூச்சி தொடவில்லை. ஒவ்வொரு நாளும் காய் பெருக்கப் பெருக்க நான் திட்டியதும் பெருத்தது. மார்ச் வந்தபோது ரோட்டில் போகிறவன் படிக்கலாம். எனக்கே வெட்கமாகி இலையைப் போட்டு மூடினேன். பறித்து மாட்டுக்குப் போட மனசு வரவில்லை. எழுதினது அப்படி; காய் நல்ல காய்.

அந்தச் சொல்லுக்காக மன்னிப்புக் கேட்கவில்லை. 'ல'வுக்காகக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு நிஜமாகவே தூக்கிவாரிப் போட்டது வேறு. அண்ணி கேட்டாளே, யாரு வீட்டுக் கத்தரிக்காய் என்று? டிசம்பரிலிருந்தே என் கத்தரியில் கொஞ்சம், பக்கத்துத் தோட்டக்காரர் மூட்டையோடு சேர்ந்து, அந்த லாரியில்தான் போகிறது. ஒரு பக்கம் வரி வரியாக வெளுத்திருக்கும், காம்பு கொஞ்சம் வளைந்திருக்கும். அண்ணியைப் பார்க்கச் சொல். அப்படி இருந்தால், நீ எனக்கு 'அன்புடையீர்' எழுதின அன்று மத்தியானம் சாப்பிட்டது என் கத்தரிக்காயாகக்கூட இருக்கலாம். ருசியாக இருந்ததா?

நான் இனி ஒன்றும் கேட்கப்போவதில்லை. நிலக்காரர் நேற்று லாரிக்காரர் ஒருவரைக் கூட்டி வந்து எங்கே சிமென்ட் போடுவது என்று காட்டிக்கொண்டிருந்தார். கத்தரிப் பாத்திக்கு நடுவில் நின்று காட்டினார்.

தங்கை


ஏப்ரல் 24

தங்கச்சி,

வரி வரியாக வெளுத்திருக்கிறது. காம்பு வளைந்திருக்கிறது. ருசியாகத்தான் இருந்தது.

குழுவைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பூசணியில் யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்பதையும் சொன்னேன். பிறகு இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று: 'வண்டியில் ஏறும் இடம்' என்பது 'விளைந்த இடம்' என்று மாறுகிறது. இரண்டு: நடந்ததெல்லாம் 'செயலாளரின் எழுத்துப் பிழை' என்று குறிப்பில் பதிவாகிறது. என் வாழ்நாளில் என் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததில்லை. ராஜினாமா கொடுத்தேன். அந்த நாற்காலியில் உட்கார வேறு யாரும் முன்வராததால் ஏற்றுக்கொள்ளவில்லை.

போன வாரம் சந்தையில் நாலு மேஜைதான். ஜனங்கள் பையோடு வந்து வெறும் மேஜைகளைச் சுற்றி நடந்தார்கள். சாவு வீட்டில் மாதிரி மெதுவாகப் பேசினார்கள். தலைமையாசிரியை ஒரு கட்டுக் கீரை வாங்கினார். ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. விற்றவளிடம், "உன் தோட்டம் எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டார். இந்தக் கேள்வி அந்த இடத்தில் கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

முப்பது என்பதை மாற்ற நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தங்கைக்காகக் கேட்டதாக ஆகும். ஆனால் விளைந்த இடம் என்று விதி மாறியதால் எல்லா நிலத்தையும் புதிதாக அளந்தாக வேண்டும். குமாஸ்தாவுக்கு முழங்கால் வலி. அளக்கும் சக்கரத்தை நானே எடுத்துக்கொண்டேன். சந்தை வாசலிலிருந்து தள்ளிக்கொண்டு நடந்தேன். இரண்டு நாள். வழியில் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுத்தேன். உன் அண்ணி எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அவள் அக்காவுக்குப் போன் செய்திருக்கிறாள்.

ரோடு முதலில் உன் நிலத்தின் வால் பக்கத்தைத் தொடுகிறது. அதற்கப்புறம் கல் குவாரியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வருகிறது. குமாஸ்தா வாசல் வரை அளந்திருக்கிறார். வாசலில் ஒன்றும் விளையவில்லை. வால் பக்கத்தில் பூசணிக் கொடி. சக்கரம் அங்கே 29 கிலோமீட்டர் 860 மீட்டர் காட்டியது. கத்தரிப் பாத்தி 31.

ஆகவே உன் பூசணி உள்ளூர். உன் கத்தரிக்காய் வெளியூர். நீ எந்த ஊர் என்று குழு இன்னும் முடிவு செய்யவில்லை.

கடைச் சீட்டு இதனுடன் இருக்கிறது. 'பூசணிக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறேன். நிலக்காரர் கேட்டது சீட்டு. எந்தக் காய்க்கு என்று அவர் கேட்கவில்லை. விதி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு சொல்லை விட்டுவிடுகிறார்கள்.

நான் வந்தபோது நீ பம்பு அருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாய். தலை இவ்வளவு நரைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கூப்பிடவில்லை. அளக்கிற அதிகாரி விண்ணப்பதாரரோடு பேசக் கூடாது என்று ஒன்பதாவது விதி. அதையும் நான்தான் எழுதினேன்.

முட்டால் அண்ணன்

(திருத்த வேண்டாம்.)


ஏப்ரல் 30

அண்ணா,

நிலக்காரரிடம் சீட்டைக் கொடுத்தேன். 'பூசணிக்கு மட்டும்' என்பதை இரண்டு தரம் படித்தார். "என்னம்மா இது, காய்க்கு ஒரு சட்டமா?" என்றார். "எங்க அண்ணன் சட்டம்" என்றேன். முத்திரையைத் தடவிப் பார்த்தார். லாரிக்காரரிடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். உன் முத்திரையைத் திட்டினதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நாளையிலிருந்து கத்தரி நாற்றை வால் பக்கத்தில் நடப்போகிறேன். அதுவும் உள்ளூர் ஆகிவிடும். பூசணிக் கொடியை வாசலில் ஏற்றினால் அது வெளியூர் ஆகிவிடுமா? குழுவைக் கேட்டுச் சொல்.

அன்றைக்கு உன்னைப் பார்த்தேன். பாலிஷ் போட்ட ஷூவோடு, ஒற்றைச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு, வாய் முணுமுணுத்தபடி ஒரு ஆள் என் வரப்பில் வருகிறான். முதலில் பயந்துபோனேன். நடையைப் பார்த்ததும் நீ என்று தெரிந்துவிட்டது. ஒன்பது வருஷம் வராதவன்! கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் உனக்கு எண்ணிக்கை தப்பிவிடும். தப்பினால் திரும்பச் சந்தை வாசலுக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பிப்பாய் என்று தெரியும். அதனால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பம்பு ஓடவில்லை. சும்மாதான் நின்றேன்.

புதுக் கொடியில் ஒரு பிஞ்சு விட்டிருக்கிறது. நேற்று கொண்டை ஊசியை எடுத்தேன். என்ன எழுதினேன் என்று தாளில் சொல்ல மாட்டேன். ஒன்றரை மாதத்தில் தெளிவாகத் தெரியும். இதை லாரியில் ஏற்ற விட மாட்டேன். படிக்க வேண்டும் என்றால் நீதான் வர வேண்டும். சக்கரம் வேண்டாம். அண்ணியைக் கூட்டி வா.

'ள' ஒன்று வருகிறது. சரியா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

தங்கை